திரையை மூடுவது யார் வேலை? நிறம் போன படங்களோடு தொடங்கும் ஒரு கண்காட்சிப் பருவம்

எங்கள் பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில் அடுத்த பருவத்துக்கு மூன்று கண்காட்சிகள் முடிவாகியிருக்கின்றன. நடுவில் வருவது இறுதியாண்டு மாணவர்களின் காட்சி. கடைசியில் வருவது, வேறோர் இடத்திலிருந்து இரவல் வாங்கும் அச்சுப்படங்கள். நான் எழுத வந்தது முதல் கண்காட்சியைப் பற்றி. எங்கள் சொந்தச் சேகரிப்பில் நிறம் போய்விட்ட படங்களை மட்டும் எடுத்து, நிறம் போனவை என்று சொல்லியே மாட்டப்போகிறோம். இந்த முடிவுக்கு எப்படி வந்தோம், அதற்காக எந்த நிகழ்வை உட்கார்ந்து படித்தோம், அது எங்கள் திறப்பு நேரம் வரைக்கும் எதையெல்லாம் மாற்றியது என்று இங்கே எழுதி வைக்கிறேன். பருவத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

இதழின் நுனி

தாவரவியல் வகுப்புக்காக என்றோ வரையப்பட்ட நீர்வண்ணப் படங்கள் கொஞ்சம் எங்களிடம் இருக்கின்றன. வரைந்தவர் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. வகுப்பறைக்குப் புரொஜெக்டர் வந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. நடைவழியிலும் அலுவலகச் சுவர்களிலும் வெகுகாலம் தொங்கிவிட்டு, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒரு பருவத்தைத் திட்டமிடும் முன் ஒவ்வொரு படத்தின் நிலையையும் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். அந்த வேலையில் எனக்குத் துணையாக ஒரு மாணவி இருந்தாள். ஒரு படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பலகையைக் கழற்றிக்கொண்டே, "மேடம், இது வெள்ளைப் பூவா?" என்று கேட்டாள்.

பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. "ஆமாம், வெள்ளைப் பூ என்றே எழுதிக்கோ" என்றேன்.

படத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டையைத் தூக்கியதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. மேல்புறத்து இதழ் ஒன்று ஓவியத்தின் ஓரம் வரை நீண்டு, அட்டைக்கு அடியில் போயிருந்தது. அட்டை மூடியிருந்த அந்த விரல் அகலத்தில் இதழின் நுனி நல்ல செக்கச் செவேல் என்று இருந்தது. அட்டையின் விளிம்பு பட்ட இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் அந்தச் சிவப்பு நின்றுபோயிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய காகிதத்தின் வெளிர் நிறம்தான். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் இதழின் நரம்புகள் மட்டும் பென்சில் கோடுகளாகத் தெரிந்தன. ஒரு சிவப்புப் பூவை நாங்கள் இத்தனை நாளும் வெள்ளைப் பூ என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. மீதிப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாவற்றிலும் இப்படி இல்லை. பச்சையும் பழுப்பும் பெரும்பாலும் தாங்கியிருந்தன. சிவப்பு, ரோஸ், ஊதா ஆகியவைதான் போயிருந்தன. நீர்வண்ணத்தில் பழகியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுத்த சிவப்புகளுக்கு வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி குறைவு. மண்ணிலிருந்தும் தாதுவிலிருந்தும் வந்த நிறங்கள் நின்று பிடிக்கும்.

வழக்கமாக இப்படிப்பட்ட படங்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். "நிலை: சுமார். காட்சிக்கு உகந்ததல்ல" என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இந்த முறை கை வரவில்லை. அப்போதுதான் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் ஓவியங்களுக்கு நேர்ந்ததையும், 2014இல் அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதையும் எங்கள் குழு சேர்ந்து படிக்க ஆரம்பித்தது.

பத்தாவது மாடி உணவறை

1960களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் ஹோலியோக் சென்டர் என்ற பெரிய கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் ஜோசப் லூயிஸ் செர்ட். அதன் பத்தாவது மாடியில் இருந்த உணவறைக்கு மார்க் ரோத்கோவிடம் சுவரோவியங்கள் கேட்டார்கள். அவர் 1962இல் வரைந்தார். ஆறு படங்களைக் கொண்டுபோய், அறையில் வைத்துப் பார்த்து, ஐந்தை அங்கே வைத்துவிட்டு ஆறாவதைத் தன்னோடு திருப்பி எடுத்துக்கொண்டார். 1964 ஜனவரியில் ஐந்தும் சுவரில் ஏறின. மூன்று ஒரு சுவரில் அடுத்தடுத்து, இரண்டு எதிர்ச் சுவரில். ஒவ்வொன்றும் எட்டடிக்கு மேல் உயரம். சுவர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதையும் ரோத்கோவே பார்த்துச் சொன்னார். மொத்தத்தில் அவர் கொடுத்தது ஓர் அறை. தனித்தனி ஐந்து படங்களாக அவர் அதை நினைக்கவில்லை.

அந்த அறைக்குப் பெரிய பெரிய சன்னல்கள். வெயிலைத் தடுக்கத் திரைகள் போட்டிருந்தார்கள். மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பத்தாவது மாடியில் சாப்பிட உட்காருபவர் திரையைத் திறந்து வெளியே பார்க்கத்தானே விரும்புவார்? திறந்தார்கள். அது உணவறை. விருந்துகள் நடந்தன. நாற்காலி உரசியது, சாப்பாடு தெறித்தது, கேன்வாஸில் கீறல் விழுந்தது, கிறுக்கவும் செய்தார்கள். அவற்றையெல்லாம்கூட ஒருவாறு சரிசெய்துவிடலாம். வெளிச்சம் செய்ததைத்தான் சரிசெய்ய முடியாது.

ரோத்கோ பின்னணிக்கு எடுத்துக்கொண்ட கருஞ்சிவப்பில் லித்தோல் ரெட் என்ற செயற்கைச் சிவப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்திருந்தன. லித்தோல் ரெட் அச்சு மைகளில் அதிகம் பயன்பட்ட நிறமி. பார்க்க அவ்வளவு அழகு, வெளிச்சத்தில் அவ்வளவு பலவீனம். அல்ட்ராமரின் அப்படியில்லை, நின்று பிடிக்கும். ஆகவே வெயில் பட்ட இடங்களில் சிவப்பு விலகிவிட, அதோடு கலந்திருந்த நீலம் மட்டும் மிஞ்சியது. அதுவும் ஒரே சீராக அல்ல. சன்னலுக்கு அருகில் ஒரு மாதிரி, தள்ளி ஒரு மாதிரி. ஐந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்க வேண்டிய படங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போய்விட்டது. 1979இல் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். மாட்டிப் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் குழுவுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. தவறு யாருடையது? ஓவியர் நிறமியைச் சோதித்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். உணவறையில் ஓவியம் மாட்டச் சொன்னவர்கள்மீது பழி போட்டார் இன்னொருவர். என் எண்ணம் வேறு. திரையை மூட வேண்டும் என்பது அங்கே தெரிந்த விஷயம். அதை மூடுவது யாருடைய அன்றாட வேலை என்பதுதான் கேள்வி. ஓவியக்கூடத்தில் அதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். உணவறையில் அப்படி யார் இருப்பார்? பரிமாறுபவர் விருந்தினர் திறந்த திரையை எழுந்து போய் மூடுவாரா? எங்கள் தாவரவியல் படங்களுக்கும் இதேதான் நடந்தது. நடைவழிச் சன்னல் வெயில் படத்தில் விழுவதை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவது அவர்களில் ஒருவருடைய வேலையும் இல்லை.

வெளிச்சத்தையே மருந்தாக்கியது

சரி, நிறம் போன ஓவியத்தின் மேல் மறுபடி வண்ணம் பூசினால் என்ன? பார்வையாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ரோத்கோ இந்த ஓவியங்களுக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. நிறமியை முட்டையிலும் விலங்குப் பசையிலும் குழைத்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றியிருந்தார். மேற்பரப்பு திறந்த பரப்பு. அதில் எதைப் பூசினாலும் உள்ளே இறங்கிவிடும். பிறகு எடுக்க முடியாது. அதோடு நிறம் போனது ஒரு மூலையில் மட்டும் இல்லை. சரிசெய்வது என்றால் ரோத்கோவின் தூரிகைத் தடம் முழுவதையும் மூடியாக வேண்டும். அப்புறம் அது ரோத்கோவின் ஓவியமாக இருக்குமா?

ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் ஓவியங்கள் கெடாமல் காக்கும் பாதுகாப்பு அறிவியலாளர்களான நாராயண் காண்டேகர், ஜென்ஸ் ஸ்டெங்கர் போன்றவர்கள், எம்.ஐ.டி. மீடியா லேபில் ரமேஷ் ராஸ்கர் குழுவோடு சேர்ந்து எடுத்த வழி, ஓவியத்தைத் தொடாமலேயே நிறத்தைத் திருப்பிக் கொடுப்பது. வெளிச்சத்தால் போனதை வெளிச்சத்தாலேயே கொண்டுவருவது.

அதற்கு முதலில் பழைய நிறம் என்ன என்று தெரிய வேண்டும். 1964இல் கோடாக் எக்டாக்ரோம் படச்சுருளில் எடுத்த வண்ணப் படங்கள் இருந்தன. ஆனால் காலப்போக்கில் அந்தப் படச்சுருள்களும் நிறம் மாறிவிட்டிருந்தன! சாட்சியே மங்கிப்போன வழக்கு இது. அவற்றைச் சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் முறையில் மீட்டெடுத்தார்கள். ரோத்கோ திருப்பி எடுத்துக்கொண்டு போன ஆறாவது படமும் கைகொடுத்தது. அது அந்த உணவறைச் சுவரில் ஏறவே இல்லை என்பதால் அதன் நிறம் பிழைத்திருந்தது. அதை வைத்து, மீட்டெடுத்த புகைப்படங்களின் நிறம் சரிதானா என்று ஒப்பிட முடிந்தது.

பழைய நிறம் தெரிந்துவிட்டது, இப்போதைய நிறம் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு ஒரு பிம்பம் தயாரித்தார்கள். ஒவ்வோர் ஓவியத்துக்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அந்தப் பிம்பத்தைப் புரொஜெக்டர் வழியாக ஓவியத்தின் மேலேயே விழவைத்தால், கண்ணுக்கு 1964ஆம் ஆண்டின் கருஞ்சிவப்பு தெரியும். கொஞ்சம் மங்கிய இடத்தில் கொஞ்சம் நிறம், அதிகம் மங்கிய இடத்தில் அதிகம். குறுக்கே கை நீட்டினால் அந்த நிறங்கள் கையில் விழும், கையின் நிழலுக்குள் உண்மையான ஓவியம் தெரியும்.

ஹார்வர்டின் ஃபாக், புஷ்-ரைசிங்கர், சாக்லர் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களும் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த ஒரே கூரையின்கீழ் 2014 நவம்பர் 16 அன்று திறந்தன. 2008இல் மூடிய ஃபாக் கட்டடம் ஆறு ஆண்டுகள் கழித்துத் திறந்த நாள் அது. அந்தப் புதிய கட்டடத்தின் முதல் சிறப்புக் கண்காட்சி இந்த ரோத்கோ ஓவியங்கள்தான். 2015 ஜூலை 26 வரை நடந்தது.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு மரியாதை கூடுகிறது. அவர்கள் சேகரிப்பில் புகழ்பெற்ற ஓவியங்களுக்குக் குறைவில்லை. திறப்பு விழாவுக்கு அவற்றில் எதையும் முன்னால் நிறுத்தியிருக்கலாம். தங்கள் கட்டடத்தில், தங்கள் பொறுப்பில் கெட்டுப்போனதையே எடுத்து முதல் பருவத்தின் முன்வரிசையில் வைத்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் வேறெதை முதலில் காட்டினாலும் இவ்வளவு கற்றுக்கொடுத்திருக்காது என்று நினைக்கிறேன்.

நாலு மணி

ஒவ்வொரு நாளும் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டர்களை அணைத்தார்கள். மூடுவதற்கு முன் மீதமிருந்த நேரமெல்லாம் பார்வையாளர்கள் ஓவியங்களை இப்போது இருக்கும் நிலையிலேயே பார்த்தார்கள்.

இந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதியவர்களில் பலர் தொழில்நுட்பத்தைத்தான் வியந்தார்கள். அது வியக்கத்தக்கதுதான், சந்தேகமில்லை. என்றாலும் எங்களுக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் பட்டது அந்த நாலு மணி ஏற்பாடு. புரொஜெக்டரை நாள் முழுக்க எரியவிட்டிருந்தால், நிறம் திரும்பிவிட்டது என்ற எண்ணத்தோடு மக்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அணைத்த அந்த நொடியில் சிவப்பு போய் நீலம் தெரியும்போது, பதினைந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது ஒரு மூச்சில் புரிந்துவிடும். அதற்கு எந்த லேபிளும் தேவையில்லை. விளக்கை அணைக்க ஒரு நேரம் குறித்திருந்தார்கள். உணவறையில் இல்லாமல் போனது அதுதானே?

இன்னொன்றையும் கவனித்தோம். இது ஒரு பல்கலைக்கழகத்தால் மட்டும் எளிதாகச் செய்ய முடிந்த காரியம். ஃபாக் அருங்காட்சியகத்தில் 1928 முதலே பாதுகாப்பு அறிவியலுக்கென்று ஒரு துறை இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக 1909 முதல் 1944 வரை இருந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ் உலகம் சுற்றி நிறமிகளைச் சேர்க்கத் தொடங்கினார். இன்று அந்தச் சேகரிப்பில் 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. பக்கத்திலேயே கேமராவும் கணினியும் தெரிந்தவர்கள். எங்களிடம் அந்த வசதிகள் இல்லை. ஆனால் எங்கள் வளாகத்திலும் வேதியியல் துறை இருக்கிறது, தாவரவியல் துறை இருக்கிறது. அந்தப் பூ எந்தப் பூ, அதன் இயல்பான நிறம் என்ன என்று கேட்க நாலு கட்டடம் தாண்டிப் போனால் போதும். மாணவி போய்க் கேட்டு வந்தாள். அந்த இனத்தில் வெள்ளைப் பூவே கிடையாதாம்.

வெளிச்சத்துக்கு ஒரு வரவு செலவு

ஹார்வர்ட் நிகழ்வைப் படிக்கும்போது எழுந்த ஒரு கேள்விதான் எங்களை அட்டவணைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. புரொஜெக்டர் வெளிச்சமும் வெளிச்சம்தானே? நிறம் போனதைக் காட்ட விளக்கு வேண்டும், விளக்கு மீதி நிறத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். காட்டுவதற்கும் காப்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த இழுபறியிலிருந்து எந்த ஓவியக்கூடமும் தப்ப முடியாது. கணக்கு வைத்துக்கொள்ளத்தான் முடியும்.

கணக்கு எளிதுதான். வெளிச்சத்தின் அளவு லக்ஸ். அதை நேரத்தால் பெருக்கினால் லக்ஸ்-மணி. நிறம் போவது இந்த மொத்தத்தைப் பொறுத்தது. குறைந்த வெளிச்சத்தில் நெடுநேரம் வைத்தாலும், அதிக வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்தாலும் பெருக்கிவரும் தொகை ஒன்றானால் சேதமும் ஏறத்தாழ ஒன்றுதான். படத்தை இருட்டில் வைத்து ஓய்வு கொடுத்தால் போன நிறம் திரும்பாது. மேலும் போகாமல் நிற்கும், அவ்வளவுதான். எளிதில் மங்கும் பொருள்களுக்கு 50 லக்ஸ், ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்று ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் (CIE) 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அப்படி ஒரு மணி நேர வெயில், 50 லக்ஸில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். ஆண்டுக்கு 300 மணி நேரம் என்று அளந்து செலவழிக்கும் ஒரு படத்துக்கு அது ஆறு ஆண்டுக்கும் மேற்பட்ட செலவு, ஒரே மணி நேரத்தில். எங்கள் நடைவழியை நினைத்துக்கொண்டேன்.

முதலில் போட்ட திட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், 12 வாரம். பெருக்கிப் பார்த்தால் 576 மணி நேரம், 28,800 லக்ஸ்-மணி. ஆண்டு வரம்பைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. நேரத்தைக் குறைக்க நிர்வாகத்துக்கு மனமில்லை. திறந்திருந்தால்தானே ஆள் வருவார்கள் என்ற அவர்கள் கவலையும் நியாயம்தான். பேசிப் பேசி 5 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்று வந்து நின்றது. 12 வாரத்துக்கு 300 மணி நேரம், சரியாக 15,000. வரம்புக்குள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் உறைத்தது, படம் மாட்டும் நாட்கள், தரை துடைக்கும் காலை நேரம், வகுப்புகள் வந்து பார்க்கும் நேரம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. விளக்கு எரியும்வரை செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும், பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கடைசியில் படங்களை இரண்டு தொகுதியாகப் பிரித்தோம். முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று, அடுத்த ஆறு வாரத்துக்கு இன்னொன்று. ஒரு படத்துக்கு 7,500 லக்ஸ்-மணிதான் ஆகிறது. மீதியை வகுப்புகளுக்கும் எதிர்பாராத செலவுக்கும் வைத்திருக்கிறோம். பாதியில் படங்கள் மாறுவதால் வந்தவர்களே மறுபடி வரவும் ஒரு காரணம் கிடைக்கிறது. நிர்வாகத்துக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

50 லக்ஸ் என்பது மங்கலான வெளிச்சம். வெயிலிலிருந்து நேராக உள்ளே வருபவருக்கு ஒன்றும் தெரியாது. வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம், அவர்கள் கண்ணுக்கு அதே படத்தைப் பார்க்கக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். எங்கள் காவலர் அண்ணன் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கேட்டுச் சலித்த கேள்வி, "ஏங்க, லைட் போட மாட்டீங்களா?" ஆகவே வாசலிலிருந்து படங்கள் இருக்கும் அறை வரை வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கிறோம். முதல் பகுதியில் படமே கிடையாது. ஒரு மேசையில் நீலக் கம்பளித் துணுக்கு அட்டை ஒன்று மட்டும் இருக்கும். எட்டு விதமான நீலச் சாயம் ஏற்றிய எட்டுத் துணுக்குகள். முதலாவது மிகச் சீக்கிரம் மங்கும், எட்டாவது லேசில் மங்காது. அட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடிச் சன்னல் ஓரத்தில் நாங்கள் ஏற்கெனவே வைத்துவிட்டோம். காட்சி திறக்கும் நாளில் தாளை நீக்கினால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியும். அதைப் படித்துப் பார்த்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் கண்ணும் மங்கல் வெளிச்சத்துக்கு ஓரளவு பழகிவிடும்.

அடுத்த இரண்டு கண்காட்சிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் காட்சியைத் தேர்வு முடிந்த வாரத்தில் வைக்காமல் அதற்கு முன்னால் தள்ளியிருக்கிறோம். தேர்வு முடிந்தால் வளாகம் காலியாகிவிடும், சக மாணவர் பார்க்காத மாணவர் காட்சியால் யாருக்குப் பயன்? இரவல் அச்சுப்படங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கொடுக்கிறவர்கள் எங்கள் அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், பூட்டு, தீயணைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கேட்டார்கள். "விளக்குகளை அணைப்பவர் யார்?" என்று அவர்கள் படிவத்தில் ஒரு கேள்வி இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் பதிலோடு அதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

யார், எப்போது

அந்தக் கேள்விக்கு எங்கள் பதில் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு அறையின் விளக்கும் எத்தனை மணிக்கு எரிந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது, அணைத்தவர் யார் என்று மூன்று பத்தி. காவலர் அண்ணன்தான் அதற்குப் பொறுப்பு. அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு படத்தின்மீதும் கறுப்புத் துணி ஒன்று தொங்கும். பார்ப்பவர் தூக்கிப் பார்த்துவிட்டு விட வேண்டும். துணியின் அடியில் மெல்லிய கழி தைத்திருப்பதால் கையை எடுத்ததும் தானே விழுந்துவிடும். ஹார்வர்டு உணவறையைப் படித்ததால் வந்த யோசனை இது. மூடுவதற்கு யாரும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லாத திரை.

கடைசிவரை முடிவாகாமல் இருந்தது அந்தப் பூவின் படம்தான். கண்காட்சியே அதிலிருந்து பிறந்தது, மாட்டாமல் விட முடியாது. ஆனால் அந்த நுனிச் சிவப்பைக் காட்டினால் அதுவும் மங்கும். பூ சிவப்பு என்பதற்கு அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். புகைப்படம் எடுத்து வைத்துவிட்டோம், இருந்தாலும் எக்டாக்ரோம் கதையைப் படித்த பிறகு புகைப்படத்தை மட்டும் நம்ப மனம் வரவில்லை. பழைய மவுண்டைப் போட்டு மறைத்தே மாட்டலாம் என்றார் பாதுகாப்பு வல்லுநர். மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பார்த்த மாதிரி அவங்களும் பார்க்கணும் மேடம்" என்றாள்.

முடிவு இப்படி. புது மவுண்ட், நுனி தெரியும்படி அகலமாக வெட்டியது. கண்ணாடிக்கு வெளியே, நுனிக்கு நேராக, கீல் வைத்த ஒரு கறுப்பு அட்டைத் துண்டு. படத்தையோ காகிதத்தையோ யாரும் தொட வேண்டியதில்லை. தினமும் மாலை 4 மணிக்குக் காவலர் அண்ணன் அந்த அட்டையை உயர்த்துவார், பத்து நிமிடம் கழித்து இறக்குவார். முப்பது நாளுக்கு மொத்தம் 5 மணி நேரம், 250 லக்ஸ்-மணி. நாலு மணி என்பதை எங்கிருந்து எடுத்தோம் என்று லேபிளில் எழுதியிருக்கிறோம்.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். வெறும் சட்டத்தில் அட்டையை மாட்டி, உயர்த்தி, இறக்கிப் பார்த்தார் அண்ணன். கீல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, தச்சரிடம் சொல்லியிருக்கிறோம். பிறகு நோட்டை எடுத்து, நான்காவதாக ஒரு பத்தி கோடு போட்டுத் தரச் சொன்னார். அட்டையை இறக்கிய நேரம் எழுதுவதற்கு.